செயற்கைச் சூரியன் – 11: திறப்பு விழாவும் மூடு விழாவும்

சென்ற பகுதியை 1969-இல் நிறுத்தியிருந்தோம். லேசர் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு மாஸ்கோ போன பிரிட்டிஷ் இயற்பியலாளர்கள், குர்ச்சாட்டோவ் நிறுவனத்தின் டி-3 டோக்கமாக்கை அளந்து பார்த்துவிட்டு, ரஷ்யர்கள் சொன்ன வெப்பநிலை பொய்யல்ல என்று உறுதி செய்தார்கள். ஏறக்குறைய ஒரு கோடி டிகிரி. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வகம், 1951 முதல் தான் வளர்த்துவந்த ஸ்டெல்லரேட்டர் வழியை ஓரங்கட்டிவிட்டு, மாடல் சி இயந்திரத்தைச் சில மாதங்களில் பிரித்து டோக்கமாக்காக மாற்றிக்கொண்டது.

அதுவரை இந்தக் கதையை நகர்த்தியது இயற்பியல். 1972 முதல் 1986 வரையிலான பதினான்கு ஆண்டுகளில் கதையை நகர்த்தியவர்கள் கணக்குப்பிள்ளைகள். எந்த இயந்திரம் வளரும், எது சாகும் என்பதைப் பிளாஸ்மா முடிவு செய்ததைவிடக் கச்சா எண்ணெய் விலையும் வாஷிங்டன் நாற்காலிகளும் முடிவு செய்ததே அதிகம்.

முதலில் ராபர்ட் ஹிர்ஷ். தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த், தன் கடைசிக் காலத்தில் மேசை மேல் வைக்கக்கூடிய சிறு இணைவுக் கருவி ஒன்றில் மூழ்கிக் கிடந்தார். அவரிடம் வேலை பார்த்த இளைஞர்தான் ஹிர்ஷ். 1968-இல் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தில் சேர்ந்தார். 1972-இல், முப்பத்தேழு வயதில், நாட்டின் காந்த இணைவு ஆராய்ச்சி முழுவதற்கும் தலைவரானார்.

அவர் வருவதற்கு முன் நடைமுறை எப்படி இருந்தது? பிரின்ஸ்டன், லிவர்மோர், ஓக் ரிட்ஜ், லாஸ் அலமோஸ் என நான்கு பெரிய ஆய்வகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்ல இயந்திரம். ஆய்வகத் தலைவர்களே ஒரு குழுவில் உட்கார்ந்து திட்டத்தின் போக்கைப் பேசி முடிப்பார்கள். வாஷிங்டன் அதிகாரி பெரும்பாலும் தலையாட்டுவார். பங்காளிச் சண்டை இருந்தாலும் பாகப்பிரிவினை சுமுகம். பணமும் குறைவு: 1972 வாக்கில் ஆண்டுக்கு 3 கோடி டாலரைச் சற்றே தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஹிர்ஷ் இந்த ஏற்பாட்டை உடைத்தார். முடிவெடுக்கும் அதிகாரத்தை ஆய்வகங்களிடமிருந்து பிடுங்கித் தன் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய வாதம் எளிமையானது. வரி கட்டுகிறவனுக்குப் பிளாஸ்மாவின் நுட்பம் வேண்டாம், மின்சாரம் வேண்டும். ஆகவே உண்மையான எரிபொருளை, அதாவது டியூட்டிரியமும் ட்ரிட்டியமும் கலந்ததை, ஓர் இயந்திரத்தில் போட்டு எரித்துக் காட்டியாக வேண்டும். ஆய்வகத்துக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ட்ரிட்டியம் கதிரியக்கம் உள்ளது. அதை எரித்தால் பறக்கும் நியூட்ரான்கள் இயந்திரத்தையே கதிரியக்கமாக்கிவிடும். பிறகு யாரும் கிட்டே போய் ஒரு திருகைக்கூட முடுக்க முடியாது. சாதாரண ஹைட்ரஜனை வைத்தே வேண்டியதைக் கற்றுக்கொள்ளலாமே என்பது அவர்கள் கட்சி. அறிவியலாக அது நியாயமான கட்சிதான். ஆனால் ஹிர்ஷ் பேசிக்கொண்டிருந்தது அறிவியலாளர்களிடம் அல்ல, அமெரிக்கக் காங்கிரஸிடம்.

காலமும் அவருக்குக் கை கொடுத்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. பீப்பாய்க்கு 3 டாலராக இருந்த எண்ணெய், 1974 ஜனவரியில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் பங்குகளில் அமெரிக்கர்கள் வரிசையில் நின்றார்கள். எரிசக்தி ஆராய்ச்சிக்கு ஐந்து ஆண்டுகளில் 1,000 கோடி டாலர் செலவிட ஒரு திட்டம் தருமாறு அதிபர் நிக்ஸன் ஏற்கெனவே கேட்டிருந்தார். அணுசக்தி ஆணையத் தலைவர் டிக்ஸி லீ ரே 1973 டிசம்பரில் அறிக்கையைக் கொடுத்தார். கையில் தயாரான திட்டத்தோடு காத்திருந்தவருக்குக் கதவு திறந்தது. 1977-இல் காந்த இணைவுக்கான ஒதுக்கீடு 31.6 கோடி டாலர். ஐந்தாண்டில் ஏறத்தாழ பத்து மடங்கு. அதே காலத்தில் அணுசக்தி ஆணையம் கலைக்கப்பட்டு எரிசக்தி ஆராய்ச்சி நிர்வாகம் என்ற புது அமைப்பு வந்தது. அதுவும் மூன்றே ஆண்டில் கலைந்து எரிசக்தித் துறை ஆனது. பலகைகள் மாறின, பணம் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

எரித்துக் காட்டும் இயந்திரத்தை எங்கே கட்டுவது? ஹிர்ஷின் மனம் முதலில் ஓக் ரிட்ஜ் பக்கம் இருந்தது. அணு உலைகளோடு பழகிய ஊர், கதிரியக்கத்துக்கு அஞ்சாதது. ட்ரிட்டியமே வேண்டாம் என்றிருந்த பிரின்ஸ்டனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இயந்திரம் ஓக் ரிட்ஜுக்குப் போனால் அடுத்த இருபது ஆண்டுத் தலைமையும் அங்கே போய்விடும். உடனே ஹரால்ட் ஃபர்த்தும் கூட்டாளிகளும் மலிவான மாற்றுத் திட்டம் ஒன்றை மேசையில் வைத்தார்கள். பிளாஸ்மா தானாக எரிய வேண்டியதில்லை; வெளியிலிருந்து வேகமான அணுக்கற்றைகளைச் செலுத்திக்கொண்டே இருந்தால் போதும், இணைவு நிகழும். 1974-இல் பிரின்ஸ்டனே வென்றது. டி.எஃப்.டி.ஆர். என்ற அந்த டோக்கமாக் 1982 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் முதல் பிளாஸ்மாவைக் கண்டது. எதற்காக அது கட்டப்பட்டதோ அந்த ட்ரிட்டியத்தை அதற்குள் செலுத்தியது 1993 டிசம்பரில். ஹிர்ஷ் அரசுப் பணியை விட்டுப் போய் அதற்குள் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. டோக்கமாக்கை அமெரிக்காவின் முதன்மை வழியாக்கிய அதே மனிதர், முதுமையில் அதன் கடும் விமர்சகராக எழுதியதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் போட ஹிர்ஷ் விரும்பவில்லை. டோக்கமாக் தோற்றால் கைகொடுக்க ஒரு மாற்று வேண்டும் என்றார். அந்த இடத்துக்கு வந்து நின்றது கலிஃபோர்னியாவின் லிவர்மோர்.

லிவர்மோர் 1952-இல் ஹைட்ரஜன் குண்டுக்காகத் தொடங்கிய ஆய்வகம். அங்கே ரிச்சர்ட் போஸ்ட் என்ற இயற்பியலாளர் தொடக்கம் முதலே "காந்தக் கண்ணாடி" என்ற வழியைப் பிடித்துக்கொண்டிருந்தார். டோக்கமாக் ஒரு வளையம். போஸ்டின் இயந்திரமோ நேரான குழாய். குழாயின் இரு முனைகளிலும் காந்தப்புலத்தை வலுவாக்கினால், அங்கே வந்து மோதும் மின்துகள்கள் கண்ணாடியில் பட்ட ஒளிபோலத் திரும்பிவிடும். எல்லாத் துகளும் திரும்புமா? திரும்பாது. குழாயின் நீளவாக்கில் நேராக ஓடும் துகள்கள் முனை வழியே தப்பிவிடும். இந்தக் கசிவுதான் கண்ணாடி இயந்திரத்தின் பிறவி நோய்.

ஆனாலும் பொறியாளர்களுக்கு இந்த இயந்திரத்தின் மேல் ஒரு கண். நேரான குழாயைக் கட்டுவது சுலபம், பழுது பார்ப்பது சுலபம். டோக்கமாக்கில் பிளாஸ்மாவுக்குள்ளேயே பெரும் மின்னோட்டம் பாய வேண்டும். அது திடீரென அறுந்தால் சுவரைக் கிழிக்கும். கண்ணாடி இயந்திரத்தில் அந்த ஆபத்து இல்லை. நாள் முழுக்க நிறுத்தாமல் ஓட்டலாம். மின்நிலையமாக மாறத் தகுந்த உடல்வாகு யாருக்கு என்று கேட்டால், என் ஓட்டும் குழாய்க்குத்தான்.

1975-இல் லிவர்மோரின் 2-எக்ஸ்-2-பி என்ற இயந்திரம் 10 கோடி டிகிரி வெப்பநிலையைத் தொட்டது. அன்றைய டோக்கமாக்குகள் நெருங்க முடியாத எண். வாஷிங்டன் மகிழ்ந்து, பெரிய கண்ணாடி இயந்திரம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. எம்.எஃப்.டி.எஃப். என்று பெயர்.

வேலை தொடங்கும்போதே ஓர் உண்மை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒற்றைக் கண்ணாடி மின்நிலையம் ஆகாது. போடும் ஆற்றலைவிட எடுக்கும் ஆற்றல் சற்றே அதிகமாக இருக்கும் என்பதற்கு மேல் கணக்கு போகவில்லை. இதற்கு 1976-இல் லிவர்மோரின் கென்னத் ஃபௌலரும் கிராண்ட் லோகனும் ஒரு தீர்வு சொன்னார்கள். சோவியத் நாட்டின் நோவோசிபிர்ஸ்க்கில் திமோவும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். நீண்ட குழாயின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கண்ணாடி இயந்திரத்தை அடைப்பானாக வைத்துவிடு. நடுவில் இருக்கும் பிளாஸ்மா தப்ப முடியாது. இரட்டைக் கண்ணாடி. சிறு அளவில் கட்டிய டி.எம்.எக்ஸ். இயந்திரம் அது வேலை செய்யும் என்று காட்டியது.

அப்படியென்றால் பாதி கட்டிய பெரிய இயந்திரத்தை என்ன செய்வது? அதையே ஒரு முனையின் அடைப்பானாக வைத்துக்கொண்டு, மறு முனைக்கு இன்னொன்றும் நடுவில் நீண்ட குழாயும் சேர்த்து, எம்.எஃப்.டி.எஃப்.-பி என்று புதுப் பெயர் சூட்டினார்கள். ஒற்றை அறைக்கு அஸ்திவாரம் போட்ட பிறகு கல்யாண மண்டபம் கட்டலாம் என்று முடிவெடுத்ததற்குச் சமம். கொத்தனார் மாட்டேன் என்றிருப்பார். லிவர்மோர் செய்தது.

ஒவ்வொரு முனையிலும் யின்-யாங் என்ற காந்தம். பிறையாக வளைந்த இரு சுருள்கள் ஒன்றையொன்று குறுக்காகத் தழுவி நிற்கும். ஒரு ஜோடியின் எடை 375 டன். உள்ளே மீக்கடத்திக் கம்பி. அதை மைனஸ் 269 டிகிரி வரை குளிர்விக்கத் திரவ ஹீலியம். இவ்வளவு பெரிய மீக்கடத்திக் காந்தத்தை அதற்கு முன் யாரும் செய்ததில்லை. செய்தார்கள், குளிர்வித்தார்கள், மின்சாரம் பாய்ச்சிச் சோதித்தார்கள். வேலை செய்தது. பொறியியலாகப் பார்த்தால் அந்தத் தலைமுறையின் பெருமிதங்களில் ஒன்று.

இதற்கிடையே வாஷிங்டனில் காற்று திசை மாறியது. 1976-இல் அரசே வெளியிட்ட ஒரு திட்ட ஆவணம் ஐந்து பாதைகளை வரைந்து காட்டியிருந்தது. இவ்வளவு பணம் கொடுத்தால் இந்த ஆண்டில் செயல்விளக்க உலை. குறைத்துக் கொடுத்தால் இன்னும் தாமதம். எல்லாவற்றுக்கும் கீழே இருந்த கோட்டின்படி கொடுத்தால் உலை ஒருபோதும் வராது. 1980களின் நடுவிலிருந்து, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், உண்மையில் கிடைத்த பணம் அந்தக் கடைசிக் கோட்டுக்கும் கீழே போனது. இன்றும் இணைவு ஆதரவாளர்கள் இந்த வரைபடத்தை எடுத்து நீட்டாத மேடை இல்லை. நான் அதைப் பாதி உண்மை என்றே கொள்கிறேன். வரைந்தவர்கள் பணம் கேட்டு நின்றவர்கள். பிளாஸ்மாவின் கொந்தளிப்பு எவ்வளவு வெப்பத்தை வெளியே கடத்தும் என்பது அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அள்ளிக் கொடுத்திருந்தாலும் அந்தத் தேதியில் உலை எரிந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

1980 அக்டோபர் 7 அன்று அதிபர் கார்ட்டர் காந்த இணைவு எரிசக்திப் பொறியியல் சட்டத்தில் கையெழுத்திட்டார். வாஷிங்டன் மாநில உறுப்பினர் மைக் மெக்கார்மாக்கும் செனட்டர் பால் சோங்கஸும் கொண்டுவந்த சட்டம். இருபது ஆண்டுகளில் சுமார் 2,000 கோடி டாலர். நூற்றாண்டு திரும்புவதற்குள் செயல்விளக்க மின்நிலையம். ஏறத்தாழ எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. ஆய்வகங்களில் கொண்டாட்டம்.

அமெரிக்க முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு குழு "இவ்வளவு செலவழிக்கலாம்" என்று சட்டம் செய்யும். பணத்தை உண்மையில் எடுத்துக் கொடுப்பது வேறொரு குழு, அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை. முதலாவது நடந்து இரண்டாவது நடக்காவிட்டால் சட்டம் ஏட்டுச் சுரைக்காய். நான்கு வாரத்தில் தேர்தல் வந்தது. கார்ட்டர் தோற்றார். மெக்கார்மாக்கும் தம் இடத்தை இழந்தார். ரீகனின் ஆட்கள், உலையைச் செய்து காட்டுவது தனியார் வேலை, அரசின் வேலை அடிப்படை அறிவியலோடு நிற்க வேண்டும் என்றார்கள். சட்டம் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. அதன் உயிரான பொறியியல் மையத்துக்குப் பணம் வரவில்லை. ஹிர்ஷுக்குப் பின் திட்டத்தை நடத்திவந்த எட்வின் கிண்ட்னர், அணு நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டிப் பழகியவர், வெறுத்துப்போய்ப் பதவி விலகினார். இணைவு ஆராய்ச்சியைத் துடுப்பில்லாமல் கடலில் தள்ளிவிட்டார்கள் என்று பத்திரிகையில் எழுதவும் செய்தார்.

கட்டத் தொடங்கிய இயந்திரங்களுக்கான பணம் மட்டும் பழைய வேகத்தில் கொஞ்ச காலம் ஓடியது. 1984-இல் ஒதுக்கீடு 47 கோடி டாலரை ஒட்டி உச்சம் தொட்டது. பிறகு சரிவு. ஓக் ரிட்ஜின் இன்னொரு மாற்று வழியான எல்மோ பம்ப்பி டோரஸ் முதலில் போனது.

லிவர்மோருக்கோ உள்ளேயே கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. முனைகளில் பிளாஸ்மாவை அடைத்து வைக்க "வெப்பத் தடுப்பு" என்ற ஏற்பாடு தேவைப்பட்டது. மேம்படுத்திய டி.எம்.எக்ஸ். இயந்திரத்தில் அது உருவானது உண்மை. ஆனால் பிளாஸ்மாவின் அடர்த்தியைக் கூட்டியதும் தடுப்பு காணாமல் போனது. உலைக்கு வேண்டியதோ இன்னும் மிகுந்த அடர்த்தி. பெரிய இயந்திரம் இதைத் தீர்க்கும் என்றார்கள் லிவர்மோர்க்காரர்கள். தீர்க்காது என்று சொல்லப் பிரின்ஸ்டன் பக்கம் ஆளுக்குப் பஞ்சமில்லை. பணம் சுருங்கும் காலத்தில் ஒரு பெரிய இயந்திரத்தை ஓட்டவே கஷ்டம். இரண்டுக்கு வழியில்லை என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

1985 டிசம்பரில் கிராம்-ரட்மன்-ஹாலிங்ஸ் சட்டம் வந்தது. அரசின் பற்றாக்குறை குறித்த அளவைத் தாண்டினால் துறைதோறும் தானாகவே வெட்டு விழும். அடுத்த சில மாதங்களில் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. 1973-இல் இணைவு ஆராய்ச்சியைத் தூக்கிவிட்ட அதே கை இப்போது கீழே விட்டது.

1986 பிப்ரவரி 21. லிவர்மோரில் எம்.எஃப்.டி.எஃப்.-பி கட்டி முடிந்ததற்கான விழா. மொத்தச் செலவு 37.2 கோடி டாலர். அந்த ஆய்வகம் அதுவரை கட்டியவற்றிலேயே அதுதான் விலை உயர்ந்தது. காந்தங்கள் தயார். வெற்றிடக் கலம் தயார். ஆனால் ஓட்டுவதற்குப் பணம் இல்லை. விழா முடிந்த கையோடு இயந்திரம் மூடப்பட்டது. அதற்குள் ஒருமுறைகூடப் பிளாஸ்மா உண்டாக்கிப் பார்க்கவில்லை. சொன்ன காரணம் பட்ஜெட்டைச் சமன் செய்வது.

பத்தாண்டுகளைக் கொட்டிய பொறியாளர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். போஸ்டின் வீடான லிவர்மோருக்கே எம்.ஐ.டி.யின் பழைய டோக்கமாக் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். எம்.ஐ.டி.யின் சொந்தக் கண்ணாடி இயந்திரமான தாராவும் சில ஆண்டுகளில் நின்றது. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகம் மட்டும் காமா-10 என்ற இரட்டைக் கண்ணாடியைப் பல பத்தாண்டுகள் விடாமல் ஓட்டியது.

அந்த வளாகத்திலேயே இன்னொரு கட்டடத்தில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். லேசரால் எரிபொருள் குண்டுமணியை நசுக்கி இணைவு உண்டாக்கும் திட்டம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி இயந்திரம் சாகும் சமயத்தில் லேசர்காரர்கள் நோவா என்ற புது இயந்திரத்தை ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கும் அறிவியல் சிக்கல்கள் ஏராளம். கணினி சொன்ன தேதிகள் ஒவ்வொன்றாகப் பொய்த்தன. ஆனால் அவர்கள் பணம் வந்தது எரிசக்தி ஆராய்ச்சிப் பையிலிருந்து அல்ல, அணு ஆயுதப் பையிலிருந்து. எண்ணெய் விலை அந்தப் பையைத் தொடவில்லை. 1992-இல் அமெரிக்கா அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தியபோது, ஆயுதங்களைச் சோதிக்காமலே பராமரிக்க ஆய்வுக்கூடம் வேண்டும் என்று பை இன்னும் கனத்தது. அதிலிருந்து பிறந்த நிஃப் என்ற ராட்சத லேசர், முதல் மதிப்பீட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக, சுமார் 350 கோடி டாலரை விழுங்கியும் மூடப்படவில்லை. 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றலைக் கொடுத்தது. ஒரே ஊர், ஒரே வேலி. ஒன்றுக்கு முப்பத்தைந்து ஆண்டு பொறுமை. மற்றதற்கு ஒரு நாள்கூட இல்லை.

எம்.எஃப்.டி.எஃப்.-பி ஓடியிருந்தால் வென்றிருக்குமா? வெப்பத் தடுப்புச் சிக்கலைப் பார்க்கையில், தோற்றிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் 37 கோடி டாலர் செலவழித்த பிறகு, தோற்றதா இல்லையா என்பதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் விட்டதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை. வாங்க வேண்டிய சாமான் முழுவதையும் வாங்கிய பிறகு, ஓட்டிப் பார்க்கும் செலவை மிச்சம் பிடித்தார்கள்.

போஸ்ட் மனம் தளரவில்லை. கண்ணாடி இயந்திரத்தை எளிமையாக்கும் வழிகளைத் தொண்ணூறு வயதைத் தாண்டியும் எழுதிக்கொண்டிருந்தார்; 2015-இல், 96 வயதில் மறைந்தார். நோவோசிபிர்ஸ்க்கில் ரஷ்யர்கள் மெல்ல மெல்ல அந்த வழியைச் செப்பனிட்டார்கள். 2024 ஜூலையில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் வாம் என்ற சிறிய கண்ணாடி இயந்திரம் முதல் பிளாஸ்மாவைக் கண்டது. அதன் முனைகளில் இருப்பவை தனியார் நிறுவனம் ஒன்று செய்துகொடுத்த 17 டெஸ்லா மீக்கடத்திக் காந்தங்கள்.

வென்ற பிரின்ஸ்டனுக்கும் நல்ல காலம் நீளவில்லை. அடுத்துக் கட்டவிருந்த டோக்கமாக்கை எரிசக்தித் துறை 1991-இல் ரத்து செய்தது. 1996-க்கான காந்த இணைவு ஒதுக்கீட்டைக் காங்கிரஸ் 24.4 கோடி டாலராக வெட்டியது; 1997 ஏப்ரலில் டி.எஃப்.டி.ஆர். நின்றது.

ஆனால் லிவர்மோர் விழாவுக்கு மூன்று மாதம் முன்பே, 1985 நவம்பரில், ஜெனீவாவில் ரீகனும் கோர்பச்சேவும் வெளியிட்ட கூட்டறிக்கையில் இணைவு ஆராய்ச்சி பற்றி ஒரு வாசகம் இடம்பெற்றிருந்தது. தன் நாட்டில் இரண்டு பெரிய இயந்திரங்களை ஓட்டப் பணமில்லாத அரசு, பகை நாட்டோடு சேர்ந்து அவற்றைவிடப் பெரியதைக் கட்டலாம் என்று ஏன் ஒப்புக்கொண்டது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)